பத்தாயிரம் இணைப்பில் ஒன்று மட்டும் மாறுவது எப்படி? சினாப்ஸிலேயே புரதம் தயாராவது பற்றி

குடியாத்தம் வாத்தியார் (ஞாயிறு, இரவு 8.50)

எல்லோருக்கும் வணக்கம். பத்தாம் வகுப்புக்கு நரம்பு மண்டலம் நடத்திக்கொண்டிருக்கிறேன். சைட்டான் (செல்லின் உடல்), டெண்ட்ரைட் (செய்தி வாங்கும் கிளை), ஆக்சான் (செய்தி அனுப்பும் நீண்ட இழை) என்று கரும்பலகையில் படம் போட்டு முடித்த நேரத்தில் ஒரு பெண் எழுந்து நின்றாள். அவள் கேட்டதை அப்படியே தருகிறேன்.

"சார், எதையாவது மனசுல நிறுத்தணும்னா மூளையில புதுப் புரதம் உருவாகணும்னு சொன்னீங்க. புரதம் செய்யறதுக்கான குறிப்பு நியூக்ளியஸ்ல இருக்கு. ஒரு செல்லுக்கு ஆயிரக்கணக்குல இணைப்பு இருக்கு. அப்போ அந்தப் புரதத்துக்கு எந்த இணைப்புக்குப் போகணும்னு எப்படித் தெரியும்?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று உட்காரவைத்தேன். இருபது வருஷத்துக்கு மேல் இதே பாடத்தை நடத்துகிறேன், இந்தக் கேள்வி எனக்குத் தோன்றியதில்லை. பாடப் புத்தகத்தில் பதில் இல்லை. அந்தப் பிள்ளைக்கு மழுப்பலாக ஒன்று சொல்ல மனம் வரவில்லை. தெரிந்தவர்கள் தமிழில் விளக்குங்கள்.

காட்பாடி ரயில் (ஞாயிறு, இரவு 10.15)

சார், ஊர் காட்பாடி, இப்போது பெங்களூரில் நரம்பியல் ஆராய்ச்சி மாணவி. உங்கள் மாணவி கேட்டதைத்தான் இந்தத் துறையே பல பத்தாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. அவளிடம் முதலில் இதைச் சொல்லுங்கள்.

1963இல் ஃபிளெக்ஸ்னர் குழு எலிகளின் மூளையில் பியூரோமைசின் என்ற மருந்தைச் செலுத்தியது. புரத உற்பத்தியை அது நிறுத்திவிடும். எலிகள் கற்ற பாடம் மறந்துபோனது. அக்ரனாஃப் தங்கமீன்களில் இதே மாதிரி காட்டினார். நீண்டகால நினைவுக்குப் புதுப் புரதம் தேவை என்ற எண்ணம் வேரூன்றியது அப்போதுதான். ஆனால் அந்தப் புரதம் எங்கே தயாராகிறது என்பதைப் பெரும்பாலோர் கேட்கவே இல்லை. செல்லின் உடலில்தான் தயாராகும், வேறு எங்கே என்று விட்டுவிட்டார்கள்.

1965இல் டேவிட் போடியன் குரங்கின் தண்டுவட நரம்பு செல்களில், சினாப்ஸுக்கு, அதாவது இரண்டு நரம்பு செல்கள் இணையும் இடத்துக்கு, பக்கத்திலேயே புரதம் கோக்கும் ரைபோசோம்கள் இருப்பதை எழுதினார். அதிகம் பேர் கண்டுகொள்ளவில்லை. 1982இல் ஆஸ்வால்ட் ஸ்டூவர்டும் வில்லியம் லெவியும் எலி மூளையில் நினைவுக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ் பகுதியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். டெண்ட்ரைட்டின் மேல் சின்னச் சின்ன முட்கள் இருக்கும். முள் என்று பெயரே தவிர கூர்மை கிடையாது. நம் இலவம்பாடி முள்ளுக்கத்திரிக் காம்பில் இருப்பது போல் நெருக்கமாக இருக்கும், ஆனால் பல முட்களின் நுனி காளான் தலை மாதிரி உருண்டிருக்கும். உயரம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான். சினாப்ஸ் அந்தத் தலையில் இருக்கிறது. அவர்கள் பார்த்தது என்னவென்றால், முள்ளின் அடிவாரத்தில், காம்பு டெண்ட்ரைட்டோடு சேரும் இடத்தில், ரைபோசோம்கள் கொத்துக் கொத்தாக உட்கார்ந்திருந்தன. எங்கேயோ சிதறிக் கிடக்கவில்லை. வேண்டுமென்றே கொண்டுவந்து வைத்த மாதிரி, வாசலிலேயே.

பதிலின் முதல் பாதி இதுதான் சார். புரதம் எந்த இணைப்புக்குப் போகணும் என்று தெரிய வேண்டிய அவசியமே பல சமயம் இல்லை. தேவைப்படும் இணைப்பிலேயே அது தயாராகிறது. நியூக்ளியஸிலிருந்து வருவது குறிப்பின் நகல். அதுதான் தூது ஆர்என்ஏ. 2012இல் எரின் ஷூமன் என்ற நரம்பியலாளரின் குழு ஹிப்போகேம்பஸில் செல் உடல்கள் இல்லாத, கிளைகள் மட்டும் உள்ள அடுக்கைத் தனியே எடுத்து எண்ணிப் பார்த்தது. அங்கே ஏறத்தாழ 2,550 வகைத் தூது ஆர்என்ஏக்கள் இருந்தன.

ஆரணித் தறி (திங்கள், காலை 6.30)

எனக்கு உயிரியல் படிப்பு இல்லை. எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டு நெசவு. தங்கச்சி எழுதியதைப் படித்ததும் இது எங்கள் தொழில் நடக்கும் விதம்தானே என்று தோன்றியது. சரியா என்று சொல்லுங்கள்.

டிசைன் முதலாளி வீட்டில் இருக்கும். அதை யாரும் வெளியே எடுத்துப் போக முடியாது. அதைப் பார்த்து அட்டை குத்துவார்கள். ஓட்டை ஓட்டையாக, நூற்றுக்கணக்கில் அட்டை, வரிசையாகக் கோத்திருக்கும். அந்த அட்டைக் கட்டு சைக்கிளிலோ டிவிஎஸ் வண்டியிலோ சுத்துப்பட்டு கிராமத்துக்கு வரும். தறி எங்கள் வீட்டில் இருக்கிறது. பட்டும் ஜரிகையும் இங்கே இருக்கும். அட்டையைத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் மாட்டி நெய்தால் அந்த டிசைன் புடவை இங்கேயே இறங்கும். முதலாளி வீட்டில் ஒரு தறிகூட இல்லாமல் இருக்கலாம்.

அப்படியென்றால் டிசைன் டிஎன்ஏ, அட்டை தூது ஆர்என்ஏ, தறி ரைபோசோம், பட்டு இழை அமினோ அமிலம். சரிதானா?

இன்னொன்று. அட்டை வந்ததுமே நெய்ய ஆரம்பிக்க மாட்டோம். எங்கள் நைனா கட்டை அவிழ்க்காமல் பரண் மேல் வைத்துவிடுவார். ஆர்டர் உறுதியானதும்தான் இறக்குவார். உங்கள் செல்லிலும் அப்படி உண்டா?

காட்பாடி ரயில் (திங்கள், காலை 8.05)

அண்ணா, ரயிலில் உட்கார்ந்து இதைப் படித்தேன். என் ஆய்வுக்கூடத்தில் இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நான்கு பொருத்தமும் சரி.

கட்டு அவிழ்க்காமல் வைப்பதும் அப்படியே உண்டு. தூது ஆர்என்ஏ தனியாகப் பயணம் செய்வதில்லை. சில புரதங்கள் அதைச் சுற்றி இறுகப் பிடித்து ஒரு பொட்டலமாக்குகின்றன. கைனசின் என்ற மோட்டார் புரதம் அந்தப் பொட்டலத்தைச் செல்லுக்குள் ஓடும் நுண்குழல் பாதையில் இழுத்துப் போகிறது. போகும் வழியில் நெசவு நடக்காது. பொட்டலம் கட்டும் புரதங்களில் பெயர்பெற்றது எஃப்எம்ஆர்பி. அட்டைக் கட்டின் கயிறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாலாறு 62 (திங்கள், மாலை 5.20)

விலங்கியல் விரிவுரையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். உவமை அழகாக இருக்கிறது என்பதற்காக ஒன்று உண்மையாகிவிடாது. இரண்டு ஆட்சேபணைகள்.

ஒன்று, ரைபோசோம் அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதற்கும் அது அங்கே வேலை செய்கிறது என்பதற்கும் தூரம் அதிகம். தறி இருக்கும் வீட்டிலெல்லாம் நெசவு நடப்பதில்லை, ஆரணிக்காரருக்கே தெரியும். இரண்டு, டெண்ட்ரைட்டை ஒத்துக்கொண்டாலும் ஆக்சானில் இது நடக்க முடியாது. நிசில் துகள்கள் (ரைபோசோம் குவியல்கள்) ஆக்சானில் இல்லை என்று முப்பது வருஷம் நானே ஸ்லைடு போட்டுக் காட்டியிருக்கிறேன். நரம்பு செல்லைச் சுற்றி கிளியா என்ற துணைச் செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் ரைபோசோமும் ஆர்என்ஏவும் கலந்துவிட்டதைப் பார்த்து ஏமாறுவது சுலபம்.

காட்பாடி ரயில் (திங்கள், இரவு 9.30)

ஐயா, முதல் ஆட்சேபணைக்கு மிக நேரடியான பதில் ஒரு கத்தி.

1996. காங், எரின் ஷூமன் இருவரும் எலியின் ஹிப்போகேம்பஸை மெல்லிய சீவலாக எடுத்து, ஆக்சிஜன் ஏற்றிய உப்புநீரில் உயிரோடு வைத்தார்கள். அந்தச் சீவலில் செல் உடல்கள் ஒரே வரிசையில் இருக்கும். முக்கிய டெண்ட்ரைட்டுகள் அதிலிருந்து ஒரு பக்கமாக நீளும். பிடிஎன்எஃப் என்ற வளர்ச்சிக் காரணியைக் கொடுத்தால் சினாப்ஸ்கள் வலுப்பெறும். புரத உற்பத்தியை நிறுத்தும் மருந்தைச் சேர்த்தால் வலுப்பெறாது. இதுவரை புதிதில்லை. அடுத்து நுண்கத்தியால் செல் உடல் வரிசைக்கும் டெண்ட்ரைட் அடுக்குக்கும் நடுவே வெட்டினார்கள். நியூக்ளியஸோடு தொடர்பு அறுந்தது. வெட்டிய துண்டிலும் சினாப்ஸ்கள் வலுப்பெற்றன. அதே துண்டில் மருந்தைச் சேர்த்தார்கள், வலுப்பெறுவது நின்றது. முதலாளி வீட்டுப் பாதையை மறித்த பிறகும் புடவை இறங்குகிறது, தறியை நிறுத்தினால்தான் இறங்கவில்லை. தறி இந்தப் பக்கம் ஓடுகிறது என்பதற்கு வேறென்ன சாட்சி வேண்டும்?

எனக்குப் பிடித்தது அடுத்த வருஷத்தது. கெல்சி மார்ட்டின், எரிக் கேண்டல் குழு, 1997. கடல் முயல் என்ற நத்தை இன உயிரியின் நரம்பு செல்கள் பெரியவை. ஒரே ஒரு உணர்வு நரம்பு செல்லைத் தட்டில் வளர்த்து, அதன் ஆக்சானின் இரு கிளைகளை இரண்டு இயக்க நரம்பு செல்களோடு இணைத்தார்கள். ஒரு நியூக்ளியஸ், இரண்டு வாசல். ஒரு வாசலில் மட்டும் செரட்டோனின் என்ற சமிக்ஞை வேதிப்பொருளை ஐந்து முறை விட்டார்கள். அந்த வாசல் மட்டும் நீண்ட நேரத்துக்கு வலுப்பெற்றது. இன்னொன்று அப்படியே இருந்தது. வலுப்பெற்ற வாசலில் புரத உற்பத்தியைத் தடுத்தால் அந்த மாற்றமும் இல்லை. வாத்தியார் சார், உங்கள் மாணவியின் கேள்வியை யாரோ தட்டில் வைத்துச் செய்து பார்த்த மாதிரி இருக்கும் இது.

கணக்கும் ஒன்று போடலாம். ரைபோசோம் வினாடிக்கு ஏறக்குறைய ஐந்து அமினோ அமிலங்களைக் கோக்கும். ஆர்க் என்ற புரதம், கற்றல் நடக்கும் செல்களில் பொங்கி எழுவது, 396 அமினோ அமில நீளம். ஒன்றரை நிமிடத்துக்குள் ஒன்று தயார். செல்லின் உடலிலிருந்து மெதுவான பாதையில் வரும் புரதமோ நாளுக்குச் சில மில்லிமீட்டர்தான் நகரும்.

ஆக்சான் பற்றி நாளை எழுதுகிறேன் ஐயா. அது பெரிய வழக்கு.

பாலாறு 62 (செவ்வாய், காலை 7.00)

வெட்டிய துண்டுச் சோதனை வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே 1997இல் ஃப்ரே, மோரிஸ் இருவரும் வேறொரு விடை சொன்னார்களே. சினாப்ஸ் ஒரு குறியைப் போட்டுக்கொள்கிறது, புரதம் எங்கிருந்து வந்தாலும் குறியுள்ள சினாப்ஸ்தான் பிடித்துக்கொள்கிறது என்று. எல்லா வீட்டு வழியாகவும் வண்டி போகும், வாசலில் விளக்கு வைத்த வீட்டில் மட்டும் இறக்கும். அப்படியானால் உங்கள் உள்ளூர்த் தறி எதற்கு?

காட்பாடி ரயில் (செவ்வாய், இரவு 10.40)

இரண்டும் வேண்டும் ஐயா. கடல் முயலிலேயே, ஒரு வாசல் வலுப்பெற நியூக்ளியஸிலும் புது நகல்கள் எழுதப்பட வேண்டியிருந்தது. அந்த நகல்கள் எல்லாக் கிளைகளுக்கும் போகின்றன. குறி போட்ட வாசல் பயன்படுத்திக்கொள்கிறது. அங்கே உள்ளூரில் நெய்யும் புரதம்தான் மாற்றத்தை நிலைக்க வைக்கிறது. ஒன்று இன்னொன்றை அழிக்கும் கோட்பாடாக நான் இவற்றைப் பார்க்கவில்லை. ஆனால் என் சொந்தக் கணிப்பு, நிமிடக் கணக்கில் நடக்கும் மாற்றங்களுக்கு உள்ளூர் உற்பத்திதான் முதன்மை. 2000இல் கிம்பர்லி ஹூபர், மார்க் பேர் குழு காட்டியது இந்தப் பக்கம் நிற்கிறது. குளூட்டமேட் என்ற சமிக்ஞை வேதிப்பொருளைப் பிடிக்கும் புரதங்களில், அதாவது வாங்கிகளில், ஒருவகையைத் தூண்டினால் சினாப்ஸ் பலவீனமாகும். அதற்கும் டெண்ட்ரைட்டிலேயே புதுப் புரதம் வேண்டும். செல் உடலை வெட்டி விலக்கினாலும் நடந்தது. வலுப்பெற மட்டும் இல்லை, தளர்வதற்கும் தறி ஓட வேண்டும்.

இப்போது ஆக்சான். நிசில் துகள் ஆக்சானில் இல்லை என்பது இன்றும் உண்மை, நீங்கள் நடத்திய பாடம் தவறில்லை. நிசில் துகள் என்பது ரைபோசோம்கள் நெருக்கமாகக் குவிந்து சாயம் ஏறும் இடம். குவியாமல் அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் சாயம் காட்டாது. ரைபோசோம் ஒரு மில்லிமீட்டரில் நாற்பதாயிரத்தில் ஒரு பங்குதான்.

கிளியா கலப்படம் பற்றி நீங்கள் கேட்டதைத் துறையில் இருந்தவர்களும் விடாமல் கேட்டார்கள். 2019இல் ஹாஃப்னர், ஷூமன் குழு அதற்கு இரண்டு வழியில் பதில் சொன்னது. முதலில், சினாப்ஸ் துணுக்குகளுக்கு ஒளிரும் குறி வைத்து, ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தார்கள். இரண்டாவது, திசுவுக்குள் நீரை உறிஞ்சி ஊதும் ஒரு பாலிமரை ஏற்றினார்கள். குழந்தைகளின் டயப்பரில் நீர் உறிஞ்சும் பொருளின் இனம். திசு எல்லாப் பக்கமும் சமமாக உப்பும். ஒட்டிக்கொண்டிருந்த கிளியா விலகி, எது யாருடையது என்று பார்க்க முடிகிறது. ஆக்சான் முனைகளில் பெரும்பாலானவற்றில் ரைபோசோமும் தூது ஆர்என்ஏவும் இருந்தன, முதிர்ந்த மூளையில். புரதம் அங்கே உருவாகிக்கொண்டும் இருந்தது. அதைக் காட்டியது பழைய பியூரோமைசின்தான். வளரும் புரதச் சங்கிலியில் போய் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்தை நிறமேற்றிப் பார்க்கலாம். 1963இல் நினைவை அழித்த மருந்து இப்போது நினைவு நெய்யும் இடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

பாலாறு 62 (புதன், காலை 6.45)

முழுதாகப் படித்தேன். ஆக்சான் பற்றி என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். என் பழைய மாணவர்கள் சிலர் இப்போது ஆசிரியர்கள். அவர்களுக்கு இந்த இழையை அனுப்பியிருக்கிறேன்.

கரிகிரி சாலை (புதன், பிற்பகல் 2.10)

பிசியோதெரபிஸ்ட். தொழுநோயால் நரம்பு கெட்டவர்களோடு வேலை செய்தவன் என்பதால் ஆக்சான் பேச்சு என்னை இழுத்தது.

நம் ஊருக்கும் நரம்புக்கும் பழைய உறவு. பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் வேலூரில் 1940களின் கடைசியில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்குத் தசைநாண் மாற்றி அறுவை செய்யத் தொடங்கினார். விரல் தானாக அழுகி விழவில்லை, வலி தெரியாததால் அடிபட்டு அடிபட்டுத் தேய்கிறது என்று உலகுக்கு உணர்த்தியவர் அவர். கரிகிரி தொழுநோய் ஆராய்ச்சி மையம் 1955இல் வந்தது. இந்தக் கிருமி உடம்பின் குளிர்ந்த இடங்களை விரும்பும். முழங்கையில் தோலுக்கு அடியிலேயே ஓடும் அல்நார் நரம்பு முதலில் மாட்டும். நோயாளியின் முழங்கையை மடக்கி விரலால் தடவினால் நரம்பு கயிறு மாதிரித் தடித்திருப்பது கைக்கே தெரியும்.

அந்த நரம்பு செல்லின் உடல் தண்டுவடத்திலோ அதை ஒட்டியோ இருக்கிறது. சுண்டுவிரல் நுனியில் உள்ள ஆக்சான் முனை அதற்கு முக்கால் மீட்டருக்கு அப்பால். நரம்பு திரும்ப வளர்வது நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்று நோயாளிகளிடம் சொல்வோம். என் கேள்வி இது. விரல் பக்கம் வெட்டுப்பட்டால் அவ்வளவு தூரத்தில் இருக்கும் செல் உடலுக்கு அது எப்படித் தெரிகிறது?

காட்பாடி ரயில் (புதன், இரவு 9.55)

அதற்கும் இதே உள்ளூர்த் தறிதான் அண்ணா. 2003இல் ஃபைன்சில்பர் குழு எலியின் காலுக்கு ஓடும் சயாட்டிக் நரம்பில் காட்டியது. ஆக்சானில் இம்போர்ட்டின் பீட்டா என்ற புரதத்தின் தூது ஆர்என்ஏ சும்மா கிடக்கிறது. காயம் பட்டதும் அந்த இடத்திலேயே அது புரதமாகிறது. அந்தப் புரதம் மற்ற சமிக்ஞைகளோடு சேர்ந்து, டைனீன் என்ற மோட்டாரில் ஏறி, செல் உடலை நோக்கிப் போகிறது. "இங்கே வெட்டுப்பட்டது, வளரத் தயாராகு" என்ற கடிதம் காயம் பட்ட இடத்திலேயே எழுதப்படுகிறது. தொழுநோயில் ஆக்சானைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்லுக்குள்ளேயே கிருமி குடியேறிவிடுவதால் நிலைமை இன்னும் சிக்கல்.

ரெண்டு பிள்ளை அம்மா (வியாழன், இரவு 11.20)

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. எஃப்எம்ஆர்பி என்ற பெயரைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் பெரியவனுக்கு ஒன்பது வயது. நாலு வயது வரை பேச்சில்லை. கையை உதறிக்கொண்டே இருப்பான், முகத்தைப் பார்க்க மாட்டான், மிக்ஸி சத்தத்துக்குக் கட்டிலுக்கு அடியில் ஒளிவான். ஆம்பளப் பிள்ளை மெதுவாகத்தான் பேசும் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஒரு ஆஸ்பத்திரியில் குரோமோசோம் பரிசோதனை செய்து நார்மல் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூன்று வருஷம் அந்தத் தாளை நம்பிக்கொண்டிருந்தேன். அப்புறம் வேறொரு டாக்டர் என் அம்மா வழியில் யாராவது இப்படி இருக்கிறார்களா என்று கேட்டார். எனக்கு ஒரு தாய்மாமா இருந்தார். உடனே ஃப்ராஜைல் எக்ஸ் என்ற மரபுக் கோளாறுக்கான தனிப் பரிசோதனை எழுதினார். அதில் தெரிந்தது. எனக்கும் பார்த்தார்கள், நான்தான் கடத்தியிருக்கிறேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து விளக்குகூட ஏற்றவில்லை.

எஃப்எம்ஆர்பி இல்லை என்று சொன்னார்கள். அது என்ன செய்யும் என்று யாரும் புரியும்படி சொல்லவில்லை. கயிறு என்று எழுதியிருக்கிறீர்கள். என் பிள்ளைக்குக் கயிறு இல்லையா?

காட்பாடி ரயில் (வெள்ளி, காலை 7.30)

அக்கா, ஆமாம். அப்படியே சொல்லலாம்.

எக்ஸ் குரோமோசோமில் எஃப்எம்ஆர்1 என்ற மரபணு இருக்கிறது. 1991இல் கண்டுபிடித்தார்கள். அதன் தொடக்கத்தில் சிஜிஜி என்ற மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வரும். பெரும்பாலானவர்களுக்கு முப்பது முறை போல. 55க்கும் 200க்கும் நடுவே இருந்தால் அவர் கடத்துபவர். தாயிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது அந்த எண்ணிக்கை நீளலாம். 200ஐத் தாண்டினால் மரபணு பூட்டிக்கொள்கிறது, எஃப்எம்ஆர்பி உருவாவதில்லை. சாதாரணக் குரோமோசோம் பரிசோதனையில் இந்த நீளம் பிடிபடாது, அதனால் உங்களுக்கு நார்மல் என்று வந்தது. இதில் உங்கள் தவறு எள்ளளவும் இல்லை. உங்களுக்கு அக்கா தங்கை இருந்தால் மரபியல் ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள், பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களை முக்கியமாக.

கயிறு இல்லாவிட்டால் அட்டைக் கட்டுகள் அவிழ்ந்தே கிடக்கும். ஆர்டர் வராதபோதும் தறி ஓடும். சினாப்ஸில் சில புரதங்கள் தேவைக்கு மேல் தயாராகின்றன. இந்த மரபணுவை நீக்கிய எலிகளில் சினாப்ஸ் தளர்வது அதிகமாக இருந்ததை 2002இல் காட்டினார்கள். அப்படியானால் குளூட்டமேட் வாங்கியை அடக்கும் மருந்து உதவுமே என்று பெரிய நம்பிக்கை பிறந்தது. எலிகளில் நன்றாக வேலை செய்தது. மனிதர்களிடம் மாவோக்ளூரன்ட் என்ற மருந்தைச் சோதித்தார்கள். எதிர்பார்த்த பலன் வரவில்லை. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. ஆய்வு நிற்கவில்லை. பேச்சுப் பயிற்சி, அன்றாடச் செயல்களுக்கான பயிற்சி (ஆக்குபேஷனல் தெரபி), சத்தமில்லாத இடம், முன்கூட்டியே சொல்லிவைத்த தினசரி ஒழுங்கு, இவை இன்றைக்கே உதவுபவை.

ரெண்டு பிள்ளை அம்மா (வெள்ளி, காலை 9.05)

என் தங்கைக்குப் போன் செய்துவிட்டேன். அடுத்த வாரம் போகிறோம். நன்றி அம்மா. மிக்ஸி போடும் முன் அவனிடம் சொல்லிவிட்டுப் போட ஆரம்பித்தேன், இப்போது காதைப் பொத்திக்கொண்டு பக்கத்திலேயே நிற்கிறான்.

குடியாத்தம் வாத்தியார் (வெள்ளி, இரவு 8.15)

இன்று வகுப்பில் சொன்னேன். படம் போட்டு, முள்ளின் அடியில் தறி வரைந்தேன். வகுப்பில் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேர். அட்டை என்றதுமே அவர்கள் முகம் மாறியது. கேள்வி கேட்ட பெண் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இன்னொன்று கேட்டாள். "கட்டை அவிழ்க்கிறது யாரு சார்? அவிழ்த்ததை மறுபடி கட்டுறது யாரு?"

காட்பாடி ரயில் (வெள்ளி, இரவு 10.50)

அவள் பெயர் எனக்கு வேண்டாம் சார், ஆனால் பன்னிரண்டாவது முடித்ததும் என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

எஃப்எம்ஆர்பியின் மேல் பாஸ்பேட் என்ற சிறு வேதிக் குழு ஒட்டியிருக்கும்வரை முடிச்சு இறுக்கம். சினாப்ஸில் அந்தக் குளூட்டமேட் வாங்கி தூண்டப்பட்டதும், ஒரு நிமிடத்துக்குள் ஒரு நொதி அந்தப் பாஸ்பேட்டைக் கழற்றுகிறது. முடிச்சு தளரும், தறி ஓடும். சில நிமிடங்களில் இன்னொரு நொதி பாஸ்பேட்டைத் திரும்ப ஒட்டுகிறது. எந்த முள்ளில் சமிக்ஞை வந்ததோ அங்கே முடிச்சு தளர்கிறது. எந்த இணைப்பு என்ற அவளுடைய முதல் கேள்விக்கும் இதுதான் மீதிப் பாதி.

ஆரணித் தறி (சனி, காலை 6.10)

வாத்தியார் ஐயா, பிள்ளைகளை ஒரு சனிக்கிழமை கூட்டி வாருங்கள். வேலூரில் பஸ் மாறி ஆரணி வந்தால் நான் வந்து அழைத்துக்கொள்கிறேன். பரண் மேல் ஒரு மயில் டிசைன் அட்டைக் கட்டு இருக்கிறது, ஆர்டர் இந்த வாரம்தான் உறுதியானது. நீங்கள் வரும் நாள்வரை அவிழ்க்காமல் வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணே அவிழ்க்கட்டும்.